தொடரமைப்பும் பகிர்மானமும்: ஓசூர் எல்லையிலிருந்து சில குறிப்புகள்

மின்சாரத்தின் வரலாறு நம்மிடம் அணைகளின் வரலாறாகவே சொல்லப்பட்டு வந்திருக்கிறது. கம்பி யார் தலைக்கு மேல் போயிற்று, யார் வீட்டில் இறங்கிற்று என்று கேட்டால் ஓசூர்-கிருஷ்ணகிரிப் பகுதி வேறுவிதமாகத் தெரியும்.

1902இல் சிவசமுத்திரத்திலிருந்து கோலார் தங்கவயலுக்கு ஏறத்தாழ 150 கி.மீ. கம்பி இழுத்தார்கள். பெங்களூர்த் தெருக்களுக்கே 1905இல்தான் விளக்கு. இடையிலிருந்த கிராமங்கள் கணக்கிலேயே இல்லை. மின்சாரம் வெள்ளைக்காரக் கம்பெனியின் சுரங்கத்துக்கு. அதில் இறங்கியவர்களில் பெரும்பகுதி வடஆற்காடு போன்ற மாவட்டங்களிலிருந்து போன தமிழ்த் தலித்துகள்.

1957இல் உருவான மின்வாரியத்தில் உற்பத்தி, தொடரமைப்பு, பகிர்மானம் மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. 2003 மின்சாரச் சட்டத்தைத் தொடர்ந்து, 2010 நவம்பர் 1இல் தொடரமைப்பு தனிக் கழகமாயிற்று. சனங்க வாயில் இன்றும் எல்லாம் 'ஈ.பி.'தான். ஆனால் பிரிவினை வெறும் பெயர்ப்பலகை அல்ல. தேவை உற்பத்தியை மிஞ்சினால் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து இறங்கும். பெங்களூரிலுள்ள தென்மண்டல மின்சுமை மையம் சென்னைக்குச் சொல்லும். சென்னை துணைமின் நிலையங்களுக்குச் சொல்லும். மேலே பேசப்படுவது 'எத்தனை மெகாவாட்'. கீழே தீர்மானமாவது 'எந்த ஃபீடர்', அதாவது எந்த ஊர், எந்தத் தெரு. தானாகவே அறுத்துவிடும் ரிலேகூட யாரோ முன்கூட்டித் தேர்ந்த ஃபீடரில்தான் மாட்டப்பட்டிருக்கிறது. அரசியல் தொழில்நுட்பமாக உருமாறும் இடம் இது.

2008 முதல் 2015 வரை நீடித்த மின்வெட்டுக் காலத்தில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. 2012இல் சென்னைக்கு 2 மணி நேரம். வெளிமாவட்டங்களுக்கு அதன் பல மடங்கு. சிப்காட்டின் பெரிய ஆலைகளுக்கும் கட்டுப்பாடு உண்டு, ஆனால் அவற்றுக்குச் சொந்த ஜெனரேட்டர் இருந்தது. தெருவோரத்து லேத் பட்டறைக்காரர் 'கரண்ட் எப்ப வரும்' என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதே 2003இல் ஒடிசாவின் தால்ச்சரிலிருந்து 2000 மெகாவாட் சுமக்கும் பாதை கோலாருக்கு வந்துவிட்டது. அங்கிருந்து 400 கிலோவோல்ட் கம்பி ஓசூருக்கும் வருகிறது. 2016 செப்டம்பரில் காவிரிக் கலவரத்தில் ஓசூர் எல்லையில் பஸ்கள் நின்றன. அப்போதும் இரண்டு மாநிலங்களின் மின்கட்டமைப்பும் ஒரே அதிர்வெண்ணில்தான் ஓடின. மாநில எல்லை மனிதர்களுக்குத்தான்.

இரண்டு கம்பிகளுக்கும் சட்டமும் இரண்டு. உயர்மின் கோபுரம் நிலத்தைக் கையகப்படுத்தாமலே வயலில் இறங்கலாம். அந்த அதிகாரம் 1885 தந்திச் சட்டத்திலிருந்து வருகிறது. தந்தி 2013இல் நின்றது. 2023 தொலைத்தொடர்புச் சட்டம் தந்திச் சட்டத்தையே நீக்கியபோதும், மின்பாதைக்கான அந்தப் பகுதியை மட்டும் காப்பாற்றி வைத்துக்கொண்டது. பம்ப்செட் இணைப்புக்கோ விவசாயி மனுப்போட்டு ஆண்டுக்கணக்காக வரிசையில் நிற்க வேண்டும். தொடரமைப்பு கேட்காமல் வருகிறது. பகிர்மானம் கேட்டும் வருவதில்லை.

இரண்டு கழகங்களுக்கும் இடையே ஒருங்கிணைப்பு வேண்டும் என்று பொறியாளர்கள் பேசுகிறார்கள். வேண்டியதுதான். ஆனால் அது இரண்டு அலுவலகங்களின் தொலைபேசிப் பேச்சாக மட்டும் இருக்க முடியாது. பற்றாக்குறை வந்தால் முதலில் அறுபடும் ஃபீடர்களின் பட்டியலைக் கிராமசபையில் வைக்கச் சொல்லிக் கேட்போம். 'பகிர்மானம்' என்ற சொல்லுக்கு அர்த்தம் அங்கேதான் தொடங்கும்.