பட்டா இல்லாத மனைகள்

நாடகக் குழுவுக்கு வலைத்தளம் வேணும் என்கிற நண்பர்கள் என்னிடம் செலவை மட்டுமே விசாரிக்கிறார்கள். இடம் யாருடையது என்று கேட்பதில்லை. ஜியோசிட்டீஸின் கதை இதனால்தான் முக்கியமாகிறது.

1994இல் டேவிட் போனெட்டும் ஜான் ரெஸ்னரும் கலிபோர்னியாவில் தொடங்கியது. பேட்டை பேட்டையாக இலவச மனை: கலைக்கும் எழுத்துக்கும் ஸோஹோ, சிறுதொழிலுக்கு யுரேகா, அரசியலுக்கு கேபிடல்ஹில். வீட்டு எண்கூட உண்டு. ஹெச்.டி.எம்.எல். குறிகள் நாலைக் கத்துக்கிட்டால் போதும். வடிவமைப்பாளர் என்ற இடைத்தரகர் வேண்டியதில்லை. மினுக்கும் எழுத்தும் சுழலும் படமுமாக இருந்த அப்பக்கங்களை ரசனைக்கேடு என்று கேலி செய்ததில் தொழில்முறை அதிகாரத்தின் பதற்றமே வெளிப்பட்டது என்பது என் வாசிப்பு.

ஆனா பட்டா கிடையாது. 1999இல் யாஹூ அதை வாங்கியது. அந்த ஜூனிலேயே, குடியிருந்தவர்களின் எழுத்து, படம் அனைத்தின் மீதும் நிரந்தர உரிமை கோரும் விதிகள் வந்தன. குடியிருந்தவர்கள் புறக்கணிப்பில் இறங்க, யாஹூ சில நாட்களில் பின்வாங்கியது. வெற்றிதான். ஆனால் மூடும் உரிமை அவர்களிடமே இருந்தது. அதைப் பற்றி அன்றைக்கு யாரும் பெரிதாகப் பேசவில்லை என்றே நினைக்கிறேன்.

2009 அக்டோபர் 26 அன்று மூடினார்கள். (ஜப்பானில் மட்டும் 2019 வரை தாக்குப்பிடித்தது.) ஆர்க்கைவ் டீம் தன்னார்வலர்கள் முடிந்தவரை பிரதியெடுத்தார்கள். மிச்சமெல்லாம் போச்சு.