நர்ஸ் பிராக்டிசனர் கல்வி

நர்ஸ் பிராக்டிசனர் கல்வி என்பது, பதிவு பெற்ற செவிலியரை நோயாளியின் உடல்நிலையை மதிப்பிடவும் சிகிச்சையைத் திட்டமிடவும் தகுதியுடையவராக்கும் பட்டமேற்படிப்பு ஆகும். சில நாடுகளில் இப்பட்டம் பெற்றவர் மருந்துச் சீட்டும் எழுதலாம். வயது வந்தோர், குழந்தைகள், குடும்ப நலம், தீவிர சிகிச்சை முதலிய பிரிவுகள் இதில் உள்ளன. வயது வந்தோர் பிரிவுக்கு நெருக்கமான இந்திய வடிவமாகத் தீவிர சிகிச்சைப் பிரிவைக் கூறலாம்.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் செவிலியர் லொரெட்டா ஃபோர்டும் குழந்தை மருத்துவர் ஹென்றி சில்வரும் 1965 இல் இக்கல்வியைத் தொடங்கினர். மருத்துவ வசதி குறைந்த பகுதிகளிலுள்ள குழந்தைகளுக்கு உதவுவதே இதன் நோக்கமாக இருந்தது. பின்னர் வயது வந்தோர் பிரிவு தோன்றியது. அமெரிக்கச் செவிலியர் அமைப்புகள் 2008 இல் வெளியிட்ட பொது வரையறையின்படி, அது முதியோர் பிரிவுடன் இணைக்கப்பட்டது.

இந்தியாவில்

தமிழ்நாட்டில் செவிலியர் உயர்கல்விக்கு நீண்ட வரலாறு உண்டு. ஐடா ஸ்கடர் நிறுவிய வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் 1946 இல் செவிலியர் பட்டப்படிப்பு தொடங்கப்பட்டது. இந்தியச் செவிலியர் மன்றம் 2016-17 காலப்பகுதியில் தீவிர சிகிச்சை நர்ஸ் பிராக்டிசனர் என்னும் ஈராண்டு முதுநிலைப் படிப்பை அறிமுகப்படுத்தியது. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமும் இப்படிப்பை வழங்குகின்றது.

பாடத்திட்டம்

இதில் சேர பி.எஸ்சி. நர்சிங் பட்டமும், செவிலியராகப் பதிவும், குறைந்தது ஓராண்டு மருத்துவமனை அனுபவமும் தேவை. உயர்நிலை நோய்க்கூற்று உடலியங்கியல், மருந்தியல், உடற்பரிசோதனை, ஆய்வு முறைகள் ஆகியவை முக்கிய பாடங்களாகும். பயிற்சியில் 20 விழுக்காடு வகுப்பறைக் கல்வி. 80 விழுக்காடு செய்முறைப் பயிற்சி. மாணவர்கள் மருத்துவமனையில் பணியாற்றியவாறே கற்பதால் இது உறைவிடப் பயிற்சி முறை எனப்படுகின்றது.

அதிகார வரம்பு

கல்விக்கும் சட்டத்திற்கும் இடையிலான இடைவெளியே இத்துறையின் முக்கிய சிக்கலாகும். 1945 ஆம் ஆண்டு மருந்து விதிகளின்படி, அட்டவணை எச் மருந்துகளை விற்கப் பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு தேவை. ஆகையால் மருந்தியலில் உயர்பயிற்சி பெற்ற செவிலியரும், மருத்துவமனையின் நெறிமுறைகளுக்கும் நிலையான கட்டளைகளுக்கும் உட்பட்டே செயற்படுகின்றார். தனிப் பணியிடம் உருவாக்கப்படாத மருத்துவமனையில் அவர் பொதுச் செவிலியராகவே பணிபுரிய நேரிடும்.

தேவை மிகுந்த பகுதிகளுக்காக நர்ஸ் பிராக்டிசனர் பணிப்பிரிவை உருவாக்குமாறு 2017 ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வுக் கொள்கை பரிந்துரைத்தது. 1947 ஆம் ஆண்டின் இந்தியச் செவிலியர் மன்றச் சட்டத்திற்கு மாற்றாக, தேசியச் செவிலியர் மற்றும் பேறுகாலச் செவிலியர் ஆணையச் சட்டம் 2023 இல் நிறைவேற்றப்பட்டது குறிப்பிடத்தக்கது.