மனுவில் தொடங்கித் துப்பாக்கியில் முடிந்த 1848

கலகங்கள் ஓரிரவில் பிறப்பதில்லை. 1848ஆம் ஆண்டின் மாத்தளைக் கிளர்ச்சியும் மனுவில்தான் தொடங்கியது.

1847இல் கோப்பி விலை சரிந்து அரசின் வருவாய் சுருங்கிற்று. ஆளுநர் டொரிங்டன் பிரபு அச்சுமையைக் குடிமக்கள் தலையில் இறக்கினார். துப்பாக்கிக்கு இரண்டரை ஷில்லிங். நாய்க்கு ஒரு ஷில்லிங். கடைக்கு ஒரு பவுண். வீதி அமைக்க ஆண்டுக்கு ஆறு நாள் உடலுழைப்பு, இல்லையேல் மூன்று ஷில்லிங். துறவிகளுக்கும் விலக்கில்லை.

கொழும்பில், ஐரிஷ் மருத்துவர் கிறிஸ்தோபர் எலியட்டின் 'ஒப்சேர்வர்' பத்திரிகை இவ்வரிகளைச் சாடியது. ஜூலை 6இல் கண்டிக் கச்சேரி முன்னே ஆயிரக்கணக்கானோர் திரண்டு முறையிட்டனர். செவிசாய்ப்பாரில்லை. சரியாக 20 நாட்களின் பின், ஜூலை 26இல், தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா மன்னராக முடிசூட்டப்பட்டார். மாத்தளைக் கச்சேரி சூறையாடப்பட்டது. முறையிடச் சென்ற இடமும் கச்சேரி. உடைத்த இடமும் கச்சேரி!

மறுநாளே இராணுவச் சட்டம் வந்தது. வெள்ளவத்தைக்குத் தெற்கே காலி வீதியில் வரும் மொறட்டுவையில் பிறந்த பூரன் அப்பு, ஆகஸ்ட் 8இல் கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். கரையோரத்தவர் ஒருவர் மலைநாட்டாருக்காக உயிர் துறந்தார். குடாபொல தேரர் காவியுடையுடனேயே சுடப்பட்டார். பண்டா மலாக்காவுக்கு நாடுகடத்தப்பட்டார்.

இந்த அடக்குமுறை பிரித்தானிய நாடாளுமன்றம் வரை விசாரிக்கப்பட்டது. 1850இல் டொரிங்டன் பதவியிழந்து திரும்பினார். வரிகள் பலவும் கைவிடப்பட்டன. ஜூலை 6ஆம் திகதியே கேட்டிருந்தால், இத்தனை உயிர்கள் போயிருக்க வேண்டியதில்லை.