சென்டரிங்: ஒரு சொல்லும் கட்டுமானப் பாதுகாப்பின் வரலாறும்

புனே மாநகரின் வடகிழக்கில் விமான நிலையத்தை ஒட்டி அமைந்துள்ளது லோஹேகாவ். 2017இல் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட ஊர்களுள் இதன் எஞ்சிய பகுதியும் ஒன்று. இவ்வூருக்கு அண்மையிலுள்ள எரவாடாவில், 2022 பிப்ரவரி 3ஆம் நாள் இரவு, கட்டப்பட்டுவந்த வணிக வளாகமொன்றில் தளத்துக்கெனப் பின்னப்பட்டிருந்த கனத்த இரும்புக் கம்பி வலை சரிந்து, பீகாரைச் சேர்ந்த தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். இடிந்தது முடிவுற்ற கட்டடமன்று. தன்னைத் தானே தாங்கும் நிலையை எய்தாத கட்டுமானமே சரிந்தது. இவ்வகை ஆபத்து கட்டுமானப் பொருள்களின் மாற்றத்தோடு வளர்ந்த வரலாற்றையும், அதனைச் சட்டம் எதிர்கொண்ட முறையையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

சுண்ணாம்புச் சாந்தின் காலம்

செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பப்பட்ட சுவர், வரிசை வரிசையாகத் தன் எடையைத் தானே தாங்கி உயர்ந்தது. கூரையிலும் இத்தன்மையைக் காணலாம். ‘மெட்ராஸ் டெரஸ்’ எனப்பட்ட முறையில், மரக்கட்டைகளின் மேல் சிறு செங்கற்களை நெட்டுக்குத்தாகவும் மூலைவாட்டத்திலும் சாந்தில் பதித்தனர். ஒவ்வொரு வரிசையும் முன் வரிசையைப் பற்றி நின்றமையால் கீழே பலகையடைப்புத் தேவைப்படவில்லை. வளைவுகளுக்கு மட்டும், சாந்து இறுகும்வரை அடியில் மரச்சட்டம் நிறுத்தப்பட்டது. இச்சட்டத்தையே ஆங்கிலத்தில் ‘சென்டரிங்’ என்றனர். சாரத்திலிருந்து விழுதல் போன்ற விபத்துகள் அன்றும் உண்டு. ஆயினும், கட்டுமானம் முழுவதும் தற்காலிகத் தாங்கலை நம்பி நிற்கும் நிலை பெரும்பாலும் இல்லை எனலாம்.

சிமெண்டின் வருகை

இங்கிலாந்தில் 1824இல் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்டு சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் சிமெண்டு உற்பத்திக்கான தொடக்க முயற்சி 1904இல் சென்னையில் நிகழ்ந்தது. 1914இல் போர்பந்தர் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. கம்பியிட்ட கான்கிரீட் பரவியபோது பணியின் இயல்பே மாறிற்று. புதிதாக இட்ட கலவைக்கு வலிமை இல்லை. எடை மட்டுமே உண்டு. அதன் வலிமையை 28ஆம் நாளில் சோதித்து மதிப்பிடுவது வழக்கம். கலவை போதிய வலிமை பெறும்வரை முட்டுகளின் உறுதியே தளத்தின் உறுதியாகும். 1953இல் முதலில் வெளியான இந்தியத் தர விதி 456, தனது 2000ஆம் ஆண்டுப் பதிப்பில், 4.5 மீட்டர் வரையுள்ள தளங்களின் முட்டுகளை 7 நாள்களுக்கும், அதனினும் அகன்றவற்றை 14 நாள்களுக்கும் முன் அகற்றலாகாது என்கிறது.

வளைவின் தாங்கலைக் குறித்த ‘சென்டரிங்’ என்னும் சொல், இன்று தமிழகப் பணியிடங்களில் தட்டையான தளத்தின் பலகையடைப்பு முழுவதையும் குறிக்கிறது. பழைய தொழில்நுட்பத்தில் ஒரு சிறு பகுதிக்கே உரியதாயிருந்த தற்காலிகத் தாங்கல், புதியதில் எங்கும் பரவியதற்கு இப்பொருள் விரிவே சான்றாகிறது.

சட்டத்தின் பாதை

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் உற்பத்திக் கூடங்களை நோக்கியது. கட்டடப் பணியிடங்கள் அதன் வரம்புக்குள் அமையவில்லை. தமிழ்நாட்டில் கட்டடத் தொழிலாளர் சங்கங்களின் போராட்டத்தையடுத்து, 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. நீதிபதி வி.ஆர்.கிருஷ்ண ஐயர் தலைமையில் 1985இல் உருவான தேசியப் பிரச்சாரக் குழு அனைத்திந்தியச் சட்டத்தைக் கோரியது. அதன் விளைவாக வந்த 1996ஆம் ஆண்டுச் சட்டமும், 1998ஆம் ஆண்டு மத்திய விதிகளும் கான்கிரீட் பணி, சாரம் ஆகியவற்றுக்கு நெறிமுறைகளை வகுத்தன. எனினும், பாதுகாப்புக் குழுவும் பாதுகாப்பு அலுவலரும் 500 தொழிலாளர்க்குக் குறையாத நிறுவனங்களுக்கே கட்டாயமாக்கப்பட்டனர். 2020ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்தது. கட்டுமானப் பணிகளில் அலுவலர்க்குரிய வரம்பை இது 250ஆகக் குறைத்துள்ளது.

முடிவுரை

வரம்பு குறைந்தமை வரவேற்கத்தக்கதே. ஆயின், அளவுகோல் இன்றும் ஆள்களின் எண்ணிக்கையாகவே உள்ளது. இருபது பேர் பணிபுரியும் நான்கு மாடிக் குடியிருப்பிலும், ஈரமான தளத்தின் எடை ஒரு சதுர மீட்டருக்குப் பெருவளாகத்தில் உள்ளதற்கு இணையாகவே இருக்கும். லோஹேகாவ் போன்று விரைந்து வளரும் புறநகர்களில் எழும் கட்டடங்கள் பலவற்றை இவ்வரம்பு எட்டாது. தாங்கலின் உயரம், தளத்தின் எடை, முட்டு அகற்றும் நாள் ஆகியவற்றைக் கொண்டு பொறுப்பை வரையறுப்பதே, பொருள்களின் வரலாறு நமக்குணர்த்தும் தேவை எனலாம்.