மருந்து வீட்டுக்கு வந்தது, உணவு வரவில்லை: காசநோய், பசி, சாதி

கடலூர் மாவட்டத்தில், நெய்வேலி நகரியத்தை அடுத்து, முந்திரித் தோப்புகள் சூழ்ந்த ஊர் முத்தாண்டிக்குப்பம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இம்மாவட்ட மக்களில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். மாநில அளவில் இது 20 விழுக்காடு. தோப்புக் கூலி, கரும்பு வெட்டு, சுரங்கத்தை ஒட்டிய ஒப்பந்த வேலை என அன்றாட ஊதியத்தை நம்பி வாழும் குடும்பங்கள் இப்பகுதியில் மிகுதி. அத்தகைய வீடொன்றில் ஒருவருக்குக் காசநோய் உறுதியானால் அரசு மருந்தைக் கட்டணமின்றித் தருகிறது. ஆனால் அதே கூரையின் கீழ், அதே பானையிலிருந்து உண்ணும் மற்றவர்களின் தட்டில் என்ன இருக்கிறது என்று யார் கேட்கிறார்கள்? இக்கேள்விக்கு அறிவியல் இன்று தெளிவான விடையை வைத்திருக்கிறது. அந்த விடை எவ்வாறு உருவாயிற்று, அது நம் மக்களுக்கு ஏன் இன்றியமையாதது என்பதை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

பசியும் நோயும்

ஊட்டக்குறைவு நோய்த்தொற்றுக்கு வழிவிடுகிறது. நோய்த்தொற்று ஊட்டத்தை மேலும் உறிஞ்சுகிறது. ஸ்கிரிம்ஷா, டெய்லர், கார்டன் ஆகிய மூவர் உலக சுகாதார நிறுவனத்திற்காக 1968இல் எழுதிய நூல் இச்சுழலை விரிவாக நிறுவியது. காசநோயில் இது இன்னும் வெளிப்படையானது. கிருமி உடலுக்குள் நுழைந்த பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை. எதிர்ப்பாற்றல் அதை அடக்கி வைக்கிறது. உடல் மெலியும்போது அந்தக் காவல் தளர்கிறது. உடல் நிறைக் குறியெண் ஓர் அலகு கூடினால் காசநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 14 விழுக்காடு குறைகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட முடிவு. இந்தியாவில் காசநோய்க்கான காரணிகளுள் முதலிடம் வகிப்பது ஊட்டக்குறைவே.

சென்னை ஆய்வும் அதன் பாதி வாசிப்பும்

1956இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இணைந்து இதை நிறுவின. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இதிலிருந்தே வளர்ந்தது. இம்மையம் நகரின் ஏழை நோயாளிகள் 193 பேரை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினர் சானடோரியத்தில் நல்ல உணவோடும் ஓய்வோடும் இருந்தனர். மற்றவர் நெருக்கடியான தம் வீடுகளிலேயே, குறைந்த உணவோடு, உழைத்துக்கொண்டே அதே மருந்துகளை உண்டனர். ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒரே அளவு குணம் கண்டது. 1959இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் சானடோரியங்களின் காலத்தை முடித்துவைத்தது.

இதன் பயனைக் குறைத்து மதிப்பிட இயலாது. படுக்கை கிடைக்காத, கூலியை விட முடியாத மக்களுக்கு மருந்து வீடு தேடி வர வழிசெய்தது இவ்வாய்வே. ஆனால் அது கேட்ட கேள்வி ஒன்றுதான்: பசித்த உடலிலும் மருந்து வேலை செய்யுமா? செய்யும் என்பது விடை. பசி இல்லாதிருந்தால் அந்நோய் வந்திருக்குமா, வீட்டிலுள்ள மற்றவர்க்கு வருமா என்ற கேள்விகளை அது கேட்கவில்லை. எனினும், காசநோய்த் திட்டங்கள் மருந்தை மையமாக வைத்து வளர்ந்தன. உணவு பல பத்தாண்டுகள் பின்தள்ளப்பட்டது.

ஜார்க்கண்ட் தந்த விடை

கேட்கப்படாத அக்கேள்வியை மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா தலைமையிலான குழு கேட்டது. ‘ரேஷன்ஸ்’ என்ற இவ்வாய்வில் சென்னையின் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்கேற்றது. 2019இல் ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் தொடங்கி, 2,800 நோயாளிகளையும் அவர்தம் வீட்டார் 10,345 பேரையும் தொடர்ந்து கண்காணித்தது. பங்கேற்றோருள் பெரும்பாலோர் ஆதிவாசிகள். நோயாளிகள் அனைவர்க்கும் உணவுப் பொதி தரப்பட்டது. வீட்டாருள் ஒரு பிரிவினருக்கு மட்டும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும் வழங்கப்பட்டன. சிறுவர்க்கு அதில் பாதி.

2023 ஆகஸ்டில் முடிவுகள் வெளியாயின. உணவு பெற்ற வீட்டாரிடையே எல்லா வகைக் காசநோயும் 39 விழுக்காடு குறைந்தது. பரவும் தன்மையுள்ள, கிருமி உறுதிசெய்யப்பட்ட நுரையீரல் காசநோய் 48 விழுக்காடு குறைந்தது. ஏறத்தாழ 30 குடும்பங்களுக்கு உணவளித்தால் ஒருவருக்கு நோய் வராமல் தடுக்கலாம் என்று கணக்கிட்டனர். நோயாளிகளிடத்தில், முதல் இரு மாதங்களில் எடை 5 விழுக்காடு கூடியவர்க்கு இறக்கும் வாய்ப்பு 61 விழுக்காடு குறைந்திருந்தது. ஒரு தடுப்பூசியிடம் நாம் எதிர்பார்க்கும் பயனை அரிசியும் பருப்பும் தந்தன.

நம் மாவட்டமும் மாநிலமும்

இவ்வாய்வுக் களம் நமக்கு அயலானதன்று. புதுச்சேரி ஜிப்மர், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுடன் சேர்ந்து, புதுச்சேரியிலும் தமிழ்நாட்டின் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களிலும் நோயாளிகளையும் வீட்டாரையும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. ஊட்டக்குறைவும், ஆண்களிடையே மதுப்பழக்கமும், நீரிழிவும் நோயோடு பின்னிக்கிடப்பதை அது பதிவு செய்தது.

2022 ஏப்ரலில் தமிழக அரசு ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ தொடங்கியது. நோய் உறுதியானவுடன் உடல் மெலிவு, மூச்சின் நிலை, துணையின்றி நிற்கும் ஆற்றல் ஆகிய மூன்றையும் பார்த்து, ஆபத்தில் இருப்போரை உடனே மருத்துவமனையில் சேர்ப்பதே இதன் முறை. இது பாராட்டத்தக்கது. ஆயினும் எலும்பும் தோலுமாக ஒருவர் வந்து சேர்ந்த பிறகே இம்முறை தொடங்குகிறது.

குழந்தைகள்

1990இல் வெளியான திருச்சி மாவட்ட ஆய்வொன்றில், வாரந்தோறும் சிறு அளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 விழுக்காடு குறைந்தது. 15,000க்கும் மேற்பட்ட சிறார் பங்கேற்ற ஆய்வு அது. வேலூர் நகரின் ஏழைக் குடியிருப்புகளையும் உள்ளடக்கிய பன்னாட்டு ஆய்வொன்று, வயிற்றுப்போக்கு வெளிப்படாத நிலையிலும் குடலில் தங்கும் கிருமிகள் குழந்தையின் வளர்ச்சியைக் குன்றச்செய்வதைக் காட்டியது. ஆகவே தட்டில் சோறு இருந்தால் மட்டும் போதாது. குடிநீரும் தூய்மையாக இருக்க வேண்டும். புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது 2022 டிசம்பரில் வெளிப்பட்டதே குழந்தைகள் நோயுற்ற பிறகுதான் என்பதை நாம் மறக்கலாகாது.

சாதி எங்கே?

இந்திய ஊட்டச்சத்து ஆராய்ச்சியின் தொடக்கம் குன்னூர். அங்கே ராபர்ட் மெக்கரிசன் 1920களில் ‘சீக்கியர் உணவு’, ‘மதராசி உணவு’ என்று வகைப்படுத்தி எலிகளுக்கு ஊட்டி ஒப்பிட்டார். மதராசிகள் அனைவரும் ஒரே உணவை உண்டனர் என்பதுபோல் அவ்வகைப்பாடு அமைந்தது. பண்ணையார் வீட்டு உணவும் பண்ணையாள் குடித்த கூழும் ஒன்றல்ல. நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, ஊர்க்குழாய் எங்கே முடிகிறது என்பவையே தட்டைத் தீர்மானித்தன; இன்றும் தீர்மானிக்கின்றன. ‘வறுமை’ என்ற பொதுச்சொல்லால் இதை மூடிவிட முடியாது.

கிடைப்பதும் கிடைக்க வேண்டியதும்

2018 ஏப்ரலில் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கிய நிக்‌ஷய் ஊட்டச்சத்து உதவித்தொகை, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. சிகிச்சை முடியும்வரை இது நோயாளியின் வங்கிக் கணக்கில் சேர வேண்டும். சேராவிடில் காசநோய்ப் பிரிவில் கேட்டுப் பெறுவது உரிமை. வீட்டார் அனைவரும் பரிசோதனையும் தடுப்பு மருந்தும் கேட்கலாம்.

உணவில்தான் இடைவெளி பெரிது. நம் ரேஷன் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. துவரம் பருப்போ அட்டை ஒன்றுக்கு மாதம் 1 கிலோ, 30 ரூபாய்க்கு. வீட்டில் நோயாளி தவிர மூன்று பெரியவர்கள் இருந்தால், ஜார்க்கண்ட் ஆய்வின் அளவுப்படி அவர்களுக்கு மட்டும் 4.5 கிலோ பருப்பு வேண்டும். மீதி 3.5 கிலோவைச் சந்தை விலையில் வாங்க வேண்டியவர், நோயால் கூலி இழந்த குடும்பத்தினர். வீட்டாருக்கான உணவுப் பொதியை நன்கொடையாளர்களிடம் விட்டுவிடும் இன்றைய முறை, உரிமையைக் கொடையாகச் சுருக்குகிறது.

ஆகவே நாம் கோருவன மூன்று. காசநோய் உறுதியான வீட்டின் ஒவ்வோர் உறுப்பினருக்கும் சிகிச்சைக்காலம் முழுதும் கூடுதல் பருப்பும் முட்டையும் ரேஷன் கடை வழியாகவே வழங்கப்பட வேண்டும். நோய், இறப்பு, உதவித்தொகை பற்றிய விவரங்கள் மாவட்ட அளவில் சாதிவாரியாக வெளியிடப்பட வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர்க்குச் சிகிச்சையின் தொடக்க மாதங்களில் ஊதியத்துடன் விடுப்பு வேண்டும்.

சத்துணவில் முட்டையைச் சேர்க்கவும், 2022இல் பள்ளிகளில் காலை உணவைத் தொடங்கவும் முடிந்த மாநிலம் இது. முத்தாண்டிக்குப்பத்தின் ஒரு வீட்டுக்கு மாதம் சில கிலோ பருப்பு கூடுதலாகக் கொண்டுசேர்ப்பது இம்மாநிலத்தின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று.