சுருங்கிய வயிறும் சுருங்காத தேவையும்

மாணவ நண்பர்களே, 'என்ன உண்பது? எவ்வளவு உண்பது?' என்னும் வினாக்களை நாம் ஆராய்ந்து முடிவு செய்வதில்லை. பசி வந்தால் உண்கிறோம். வயிறு நிறைந்தால் எழுந்துவிடுகிறோம். இவ்விரு வழிகாட்டிகளையும் இழந்துவிட்ட ஒருவரை எண்ணிப் பாருங்கள். மிகையான உடற்பருமனால் நீரிழிவும் மூச்சுத் திணறலும் மூட்டு நோயும் உற்று, வேறு வழிகள் பயன் தராமற்போகவே, இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவை மருத்துவத்தைச் செய்துகொண்டவர் அவர். இப்போது அவருக்குப் பசி எடுப்பதில்லை. மூன்று வாய் உண்டதும் நெஞ்சை அடைக்கிறது. ஆயினும் அவருடைய தசையும் குருதியும் நரம்பும் எலும்பும் தமக்கு வேண்டிய புரதத்தையும் உயிர்ச்சத்துகளையும் முன்போலவே கேட்கின்றன. வயிறு சுருங்கிவிட்டது; தேவை சுருங்கவில்லை.

இத்தகையோர் வீடு திரும்பும்போது மருத்துவர் ஓர் உணவுக் குறிப்பை அவர்கள் கையில் தருகிறார். 'சிறிது சிறிதாகப் பருகுக. இனிப்பு நீரை விலக்குக. உணவோடு நீர் அருந்தற்க. முதலில் புரதம் உண்க. உயிர்ச்சத்து மாத்திரைகளை வாழ்நாள் முழுதும் உட்கொள்க' என்பன போன்ற சில வரிகளே அதில் இருக்கும். படிப்பதற்கு எளியவை, ஆனால் எளிதில் கிடைத்தவை அல்ல. அவ்வரிகளுக்குப் பின்னே நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறும், பலர் பட்ட துன்பமும் உள்ளன. அவ்வரலாற்றையே இன்று நாம் காணப்போகிறோம்.

இரைப்பையை வெட்டியெடுத்தால் மனிதன் உயிர்வாழ முடியுமா என்பதே முதற்கண் எழுந்த ஐயம். 1879-ஆம் ஆண்டில் பாரிசு நகரத்துப் பெயான் என்பவர், புற்றுநோய் கண்ட இரைப்பையின் ஒரு பகுதியை நீக்கினார். நோயாளி சில நாட்களில் இறந்தார். 1880-இல் போலந்து மருத்துவர் ரிடிகியர் முயன்றார். அவருடைய நோயாளியும் பிழைக்கவில்லை. 1881 சனவரி 29-ஆம் நாள் வியன்னா மாநகரில் பேராசிரியர் தியோடர் பில்ரோத், எட்டு மக்களுக்குத் தாயான 43 வயதுப் பெண்மணி ஒருவருக்கு அவ்வறுவையைச் செய்து வெற்றி கண்டார். வெட்டித் தைத்த இரைப்பையினுள் உணவை எவ்வாறு அனுப்புவது? தையல் பிரிந்துவிட்டால் உயிர் போய்விடும். உணவே அனுப்பாவிட்டாலும் உயிர் நிலைக்காது. முதல் நாள் வாய்வழியாகப் பனிக்கட்டித் துண்டுகளை மட்டுமே அளித்தனர். அடுத்த நாள் முதற்கொண்டு புளித்த பால், ஒரு வேளைக்கு ஒரே ஒரு கரண்டி. முதலில் மணிக்கு ஒரு முறை, பின்னர் அரைமணிக்கு ஒரு முறை. அப்பெண்மணி தேறினார். புற்றுநோய் மீண்டும் தோன்றியமையால் நான்கு திங்களுக்குள் அவர் இறந்தாராயினும், வெட்டப்பட்ட இரைப்பை உணவை ஏற்கும் என்பது உறுதியாயிற்று. இன்று அறுவை முடிந்தவரின் கட்டிலருகே வைக்கப்படும் சிறு மருந்துக் கிண்ணம், வியன்னாவின் அந்தப் புளித்த பாற்கரண்டியின் வழித்தோன்றலே எனலாம்.

1897-இல் சூரிக் நகரில் சிலாட்டர் என்னும் மருத்துவர் ஒரு பெண்மணியின் இரைப்பையை முழுவதுமாகவே நீக்கினார். அவர் ஓராண்டுக்கு மேலும் வாழ்ந்தார். இரைப்பையின்றியும் வாழலாம் என்பதை உலகம் வியப்புடன் கண்டது. ஆனால், வாழ்வது வேறு. நலமாக வாழ்வது வேறு அன்றோ?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வயிற்றுப்புண்ணுக்காக இரைப்பையில் அறுவை செய்யும் வழக்கம் பெருகியது. புண் ஆறியது, புதிய துன்பம் ஒன்று தோன்றியது. உணவு உண்ட சற்று நேரத்தில் நெஞ்சு படபடத்தது; உடல் வியர்த்தது; தலை சுழன்றது; வயிறு புரண்டது. இலண்டன் மருத்துவர் ஆர்தர் எர்ட்சு 1913-இல் இதனை விளக்கி எழுதினார். 1922-இல் அமெரிக்க மருத்துவர் மிக்சு என்பவர் இதற்குச் சூட்டிய 'டம்பிங்' என்னும் பெயரே நிலைத்தது. மொத்தமாகக் கொட்டிவிடுதல் என்பது அதன் பொருள்.

இதன் காரணத்தை நம் ஊர் ஏரியைக் கொண்டு எளிதில் உணரலாம். ஏரியில் நீர் தேங்குகிறது. மதகு அதனை அளந்து வயலுக்கு விடுகிறது. கரையும் மதகும் இல்லையேல் ஆற்று வெள்ளம் நேரே வயலுட் பாய்ந்து பயிரை அழிக்கும். இரைப்பை ஏரியைப் போன்றது, அதன் கீழ்வாயில் மதகு போன்றது, சிறுகுடல் வயல். மதகை இழந்தவர் சருக்கரை கலந்த நீரைப் பருகினால், அது அப்படியே சிறுகுடலில் விழுகிறது. செறிந்த அந்த இனிப்பு, குருதியிலுள்ள நீரைக் குடலுக்குள் இழுக்கிறது. படபடப்பும் மயக்கமும் உண்டாகின்றன. சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து, இன்சுலின் அளவுக்கு மிஞ்சிச் சுரந்து, குருதியில் சருக்கரை தாழ்ந்து, மீண்டும் சோர்வு வருகிறது. இனிப்பை விலக்குக, உணவையும் நீரையும் ஒருசேரக் கொள்ளற்க, சிறுகச் சிறுகப் பல வேளை உண்க என்னும் வரிகள் இவ்வாறு பிறந்தன.

இனி, இவ்வரலாறு உடற்பருமனை நோக்கித் திரும்பிய இடத்தைக் காண்போம். 1954-இல் அமெரிக்க நாட்டு மினசோட்டாவில் கிரெமன், லின்னர் முதலியோர், சிறுகுடலின் பெரும்பகுதியை உணவு தீண்டாதவாறு செய்யும் அறுவையைப் பற்றி எழுதினர். பின்வந்த ஆண்டுகளில் பலர் அதனைச் செய்துகொண்டனர். உண்பதைக் குறைக்க வேண்டா. உண்டது உடலிற் சேராது என்பதே அதன் கவர்ச்சி. எடை குறைந்தது உண்மையே. ஆனால் ஓயாத வயிற்றுப்போக்கும், சிறுநீரகக் கல்லும், சத்துக் குறைவும், சிலருக்கு உயிரைப் பறிக்கும் ஈரற்கேடும் தொடர்ந்தன. காலப்போக்கில் அம்முறை கைவிடப்பட்டது. எதை உண்கிறோம் என்னும் வினாவை அறுவைக் கத்தியால் ஒழித்துவிட முடியாது என்பதை, அந்நோயாளிகள் தம் உடலையே விலையாகக் கொடுத்து உலகுக்கு உணர்த்தினர்.

அயோவா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எட்வர்டு மேசன் வேறொன்றைக் கவனித்தார். வயிற்றுப்புண்ணுக்காக இரைப்பையின் பெரும்பகுதியை இழந்த பெண்கள் எளிதில் எடை கூடுவதில்லை. ஒரு நோயாளிக்குக் குறையாக இருப்பதே மற்றொரு நோயாளிக்கு மருந்தாகலாமே என்று அவர் எண்ணினார். 1966-இல் அவரும் இட்டோ என்னும் மருத்துவரும் இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்து, அதனைச் சிறுகுடலோடு இணைக்கும் மாற்றுவழி அறுவையைத் தொடங்கினர். 1994-இல் வயிற்றைப் பெரிதாகத் திறவாமல் நுண்துளைகளின் வழியே அதனைச் செய்யும் முறை அறிவிக்கப்பட்டது. இரைப்பையின் முக்காற்பங்கினை நீளவாக்கில் நீக்கிக் குழாய் வடிவாக்கும் அறுவை பின்னர் வந்து, இன்று உலகில் மிகுதியாகச் செய்யப்படுகிறது. சென்னை, கோவை முதலிய நம் நகரங்களிலும் இவை நிகழ்கின்றன.

சிறு பையின் காலம் இவ்வாறு வந்தது. அதனோடு, பழைய துன்பம் ஒன்றும் புது உருவில் வந்தது. பில்ரோத் வெற்றி பெற்ற அதே 1881-ஆம் ஆண்டில் செருமானிய மருத்துவர் வெர்னிக்கே மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினார். கண்கள் அசையாமல் நின்றன, நடை தள்ளாடியது, அறிவு குழம்பியது, மூவரும் இறந்தனர். இருவர் மதுவுக்கு அடிமையானோர். மூன்றாமவரோ ஓர் இளந்தையற்காரி. கந்தக அமிலத்தால் இரைப்பை கெட்டு, உண்டதையெல்லாம் பல நாள் வாந்தியெடுத்தவர். இம்மூவரையும் ஒன்றாகப் பிணைத்த காரணம் அன்று விளங்கவில்லை.

விளக்கம் கீழைநாட்டு அரிசியிலிருந்து கிடைத்தது. சாவகத் தீவில் தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகள் கால் தளர்ந்து வீழ்வதையும், தவிடு கொடுத்தால் எழுவதையும் 1890-களில் எய்க்மன் கண்டார். அத்தவிட்டிலுள்ள தயமின் என்னும் பி-1 உயிர்ச்சத்தை 1936-இல் செயற்கையாக ஆக்கியவர் இராபர்ட்டு வில்லியம்சு. அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில் பிறந்தவர். நெல்லைப் புழுக்கும்போது இச்சத்து தவிட்டிலிருந்து அரிசியின் உள்ளே புகுகிறது. ஆதலால்தான் புழுங்கலரிசி உண்டோரைப் பெரிபெரி நோய் அவ்வளவாக அணுகவில்லை.

தயமினை உடல் நெடுநாள் சேமித்து வைப்பதில்லை. இரண்டு மூன்று வாரங்களில் இருப்புத் தீர்ந்துவிடும். இரைப்பைச் சுருக்கம் செய்துகொண்டவர் சில வாரங்கள் இடைவிடாது வாந்தியெடுத்தால், வெர்னிக்கே கண்ட அந்தத் தையற்காரியின் நிலையை அவரும் அடையக்கூடும். மதுவைத் தொட்டே அறியாத இளைஞர்க்கும் இந்நோய் வந்ததை மருத்துவ ஏடுகள் பதிவு செய்துள்ளன. இங்கு ஒரு செய்தியைக் கருத்திற் கொள்ளுங்கள்: சருக்கரையை எரிப்பதற்குத் தயமின் வேண்டும். இருப்பற்ற உடலில் தயமின் தராமல் குளுக்கோசை மட்டும் ஏற்றினால், எஞ்சியதும் கரைந்து தீங்கு விரையும். ஆகவே, 'அறுவைக்குப்பின் வாந்தி இயல்புதானே' என்று வாளாவிருத்தல் தகாது. உடனே மருத்துவரை நாட வேண்டும்.

வாரங்களில் வரும் இடர் இது. ஆண்டுகள் கழித்து வரும் இடர் மற்றொன்று. கொடிய சோகை நோயால் மாண்டுகொண்டிருந்தவர்கள் நாள்தோறும் ஈரல் உண்டால் பிழைப்பதை 1926-இல் பாசுட்டன் நகரத்து மைனாட்டும் மர்பியும் காட்டினர். நலமுடையோர் ஈரலின்றியே வாழும்போது, நோயாளிக்கு மட்டும் அது ஏன் வேண்டும்? இவ்வினாவைத் தொடுத்தவர் வில்லியம் காசில் என்னும் இளம் மருத்துவர். அவர் தாமே 300 கிராம் மாட்டிறைச்சியை உண்டு, ஒரு மணி நேரம் கழித்து அதனைத் தம் இரைப்பையினின்று வெளிக்கொணர்ந்து, குழாய் வழியே நோயாளிக்குச் செலுத்தினார். இறைச்சியை மட்டும் கொடுத்தபோது தேறாத நோயாளி, இதனால் தேறினார். உணவிலுள்ள ஒரு பொருளோடு இரைப்பை சுரக்கும் ஒரு பொருளும் கூடினால்தான் குருதி ஊறும் என்பதை அவர் 1929-இல் வெளியிட்டார். உணவிலுள்ள அப்பொருள் 1948-இல் பிரித்தெடுக்கப்பட்டது, அதுவே பி-12.

இரைப்பை குறைந்தவரிடம் அச்சுரப்பும் குறைகிறது. எனவே நன்றாக உண்டாலும் பி-12 போதிய அளவு உடலிற் சேர்வதில்லை. ஈரலில் அதன் சேமிப்புச் சில ஆண்டுகளுக்குப் போதும், இடர்ப்பாடும் அதுவே. முதலாண்டில் நலமாயிருப்பவர் 'இனி மாத்திரை எதற்கு?' என்று நிறுத்திவிடுகிறார். மூன்றாம் நான்காம் ஆண்டில் சோகையும், கால் மரத்துப் போதலும் தோன்றுகின்றன. சிறுகுடலின் முற்பகுதியை விலக்கிச் செல்லும் மாற்றுவழி அறுவையில் இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் இதே போலக் குறைகின்றன. வாழ்நாள் முழுதும் மாத்திரை என்னும் வரியின் பொருள் இப்போது விளங்கும்.

இவ்வரலாற்றோடு நம் வீட்டு அடுக்களைக்கு வருவோம். நோயுற்றவர்க்குக் கஞ்சி கொடுப்பது நம் மரபு. அறுவைக்குப் பின் முதலில் தெளிந்த நீர்மங்களும், அடுத்து ஏனைய நீருணவுகளும், சில வாரங்களில் மசித்தவையும், பின்னர் மென்மையானவையும், ஏறத்தாழ இரண்டு திங்களில் வழக்கமான உணவும் எனப் படிப்படியாகச் செல்வர். காலக்கணக்கு மருத்துவருக்கு மருத்துவர் சிறிது மாறும். இப்படிகளில் கஞ்சிக்கும் இடமுண்டு. ஆனால் கஞ்சி ஒன்றே போதாது. நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் அளவுக்குப் புரதம் வேண்டும் என்பது மருத்துவர் கூற்று. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு தம்ளர் பாலில் ஏறத்தாழ 6 கிராம். இட்டிலி ஒன்றில் 2 கிராம் அளவே. சில வாய் உணவுக்கே இடமுள்ள வயிற்றைக் கஞ்சி நிரப்பிவிட்டால், பருப்புக்கும் தயிருக்கும் முட்டைக்கும் மீனுக்கும் இடமேது? புரதம் குறைந்தால், கொழுப்போடு தசையும் கரைந்துவிடும். ஆதலால் அவற்றை முதலில் உண்பர்; சோறு இறுதியில் வரும். நம் இலையின் வரிசையையே மாற்றியமைக்க வேண்டியுள்ளது.

மற்றொன்றும் உண்டு. அடங்கிக் கிடக்கும் பசி என்றும் அடங்கியே கிடப்பதில்லை. பலருக்கு ஓராண்டு அளவில் மீண்டும் தலைதூக்குகிறது. பசி உறங்கும் அந்தச் சில திங்கள்களே புதிய பழக்கம் வேரூன்றுவதற்குரிய காலம். அக்காலத்தை வீணாக்கினால் இழந்த எடை திரும்பக்கூடும். சில மாத உணவுத் தேர்வு பல்லாண்டு நலத்தை முடிவு செய்கிறது என்பதற்கு இதுவே காரணம்.

மாணவ நண்பர்களே, நம் வீடுகளில் அன்பின் மொழி 'இன்னும் கொஞ்சம் சாப்பிடு' என்பதே. விருந்தில் கையை மடக்குபவரை நாம் விடுவதில்லை. வற்புறுத்திப் பாயசத்தை வார்க்கிறோம். அத்தகையவர் ஒருவர் உங்கள் பந்தியில் அமர்ந்து, சிறு கரண்டியால் தயிரை மெல்ல உண்டு, நீரைத் தள்ளி வைத்திருப்பாராயின், அவர் உணவை அவமதிக்கவில்லை என்று உணருங்கள். வியன்னாவின் தாயும், பெயர் தெரியாத தையற்காரியும், மினசோட்டாவின் நோயாளிகளும் கற்றுத் தந்த பாடத்தை அவர் தம் இலையில் கடைப்பிடிக்கிறார். அவரை அவர் போக்கில் உண்ண விடுங்கள்.