‘அது எப்படி?’ என்னும் கேள்வி: சேலம், நாமக்கல் சமவெளியின் தொடக்க வகுப்புகளில் கதையின் இடம்

நாமக்கல் மாவட்டம் 1997 சனவரியில் சேலத்திலிருந்து பிரிந்தது. அதன்பின் வந்த ஆண்டுகளில் முட்டைக்கும் லாரிக்கும் அடுத்தபடியாகத் தமிழகம் அந்த மாவட்டத்தை மதிப்பெண்ணால் அறிந்தது. ராசிபுரம், நாமக்கல் வட்டார உறைவிடப் பள்ளிகள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் பெயர் வாங்க வாங்க, ‘பிராய்லர் பள்ளி’ என்ற வசையும் கூடவே வந்தது. அன்று நடந்த விவாதம் ஏறத்தாழ முழுவதும் மேல்நிலை வகுப்புகளைப் பற்றியது. ஆனால் பாடத்தை விழுங்கி ஒப்பிக்கும் பழக்கம் பதினோராம் வகுப்பில் திடீரென முளைப்பதில்லை. கதையைக்கூட விடை சொல்வதற்காகவே கேட்கப் பழகும் ஐந்து, ஆறு வயதிலேயே அது தொடங்கிவிடுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

அரசு கதையைப் புறக்கணிக்கிறது என்று இன்று யாரும் சொல்ல முடியாது. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தைகளை நிலைப்படுத்தி, பாட்டும் கதையும் கலந்தே பாடம் நடத்தச் சொல்கிறது. வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாக வந்துள்ளன. அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் காலத்திலேயே புத்தகப் பூங்கொத்து என்ற பெயரில் வகுப்பறைக்குக் கதைப் புத்தகங்கள் வந்தன. கதை வகுப்பறைக்குள் வந்துவிட்டது. வந்த பிறகு அதை என்ன செய்கிறோம் என்பதுதான் ஆராய வேண்டியது.

பெரும்பாலும் இரண்டு வேலைகள் அதற்குத் தரப்படுகின்றன. ஒன்று, எழுத்தைப் புகட்டுவதற்கான தேன்தடவல். குழந்தைகளின் கற்றல் நிலையை அளக்கும் ஏசர் ஆய்வின் வாசிப்புச் சோதனையில் எழுத்து, சொல், பத்தி என்று ஏறி, இரண்டாம் வகுப்பு நிலைக்கு உரிய படியின் பெயர் ‘கதை’. அங்கே கதை என்பது வாசிப்பின் கடின அளவு மட்டுமே. மற்றொன்று, நீதியைச் சுமக்கும் வேலை. இந்தச் சமவெளிக்கு அது புதிதல்ல. திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் 1925-இல் காந்தி ஆசிரமம் தொடங்கிய ராஜாஜி, மதுவிலக்குக்காகவே 1929-இல் ‘விமோசனம்’ இதழை நடத்தினார். கல்கி அதில் துணை நின்றார். குடியின் கேட்டைச் சொல்லக் கதைகள் எழுதப்பட்டன. பிரசாரத்தில் அது நேர்மையான பணி. முடிவு முன்கூட்டியே தெரிந்திருப்பது அங்கே குறையும் அல்ல. வகுப்பறையில் அது குறை. ‘இக்கதை உணர்த்தும் நீதி யாது?’ என்று ஆசிரியர் கேட்கும்போது விடை அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. அந்த விடையைக் கண்டுபிடித்து ஒப்படைப்பது மட்டுமே குழந்தைக்கு மிஞ்சுகிறது.

நம் பழைய கதைமரபு இப்படி இயங்கவில்லை. பஞ்சதந்திரத்தின் சட்டகக் கதையே ஒரு வகுப்பறைதான். படிப்பு ஏறாத மூன்று அரசகுமாரர்களை ஆறு மாதத்தில் அறிவுடையவர்களாக்குவதாக விஷ்ணுசர்மா வாக்களிக்கிறார். அவர் கதை சொல்லும் முறையை உற்றுப் பார்க்க வேண்டும். ஒரு பாத்திரம் முதலில் நீதியைச் சொல்கிறது. இன்னதைச் செய்தவன் இன்னதுபோல் அழிந்தான் என்று ஒரு புதிராக. எதிரே இருக்கும் பாத்திரம் ‘அது எப்படி?’ என்று கேட்கிறது. அந்தக் கேள்விக்குப் பிறகே கதை பிறக்கிறது. அதாவது நீதி முன்னால் நிற்கிறது. கேட்பவரின் ஐயம் கதையை வரவழைக்கிறது. தாண்டவராய முதலியாரின் தமிழ்ப் பஞ்சதந்திரம் 1826-இல் வெளிவந்து நெடுங்காலம் பாடநூலாக விளங்கியது. பிற்கால வாசகப் புத்தகங்கள் அத்தகைய தொகுப்புகளிலிருந்து ஒற்றைக் கதைகளைக் கத்தரித்து எடுத்தன, நீதியை வாலில் கட்டின, ‘அது எப்படி?’ என்று கேட்கும் ஆளை நீக்கிவிட்டன. கற்றல் நிகழ்ந்த இடமே அந்த ஆள்தான். வேதாளக் கதைகளிலும் இதுவே: ஒவ்வொரு கதையும் கேள்வியில் முடிகிறது, விக்கிரமாதித்தன் யோசித்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, சொன்னதும் வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறுகிறது. பதில் கிடைத்ததும் பாடம் முடிந்துவிடாத ஒரு வகுப்பு அது.

இதை நம் வட்டாரக் கதை ஒன்றில் பொருத்திப் பார்க்கலாம். சேந்தமங்கலம், நாமகிரிப்பேட்டைப் பக்கத்துப் பள்ளிகளின் வாசலில் நின்றால் கொல்லிமலை தெரியும். அந்த மலையை ஆண்ட வல்வில் ஓரிக்கு ஆடி மாதம் அரசு விழா எடுக்கிறது. செம்மேட்டில் அவனுக்குச் சிலை இருக்கிறது. புறநானூற்றின் 152-ஆம் பாட்டில் வன்பரணர் சொல்லும் வேட்டை எந்தத் தேவதைக் கதைக்கும் குறைந்ததல்ல. ஒரே அம்பு யானையை வீழ்த்துகிறது, வாய் பிளந்த புலியைக் கொல்கிறது, புள்ளிமான் கலையை உருட்டுகிறது, காட்டுப்பன்றியைச் சாய்க்கிறது, கடைசியில் புற்றில் கிடக்கும் உடும்பில் போய்த் தைக்கிறது. பார்த்து நின்ற பாணர்களுக்கு அந்த வேட்டுவன் யாரென்று தெரியாது. அவர்கள் பாடுகிறார்கள்; பாட்டில் தன் புகழைக் கேட்டு அவன் வெட்கப்படுகிறான்; இறைச்சியும் பொன்னும் மணியும் அள்ளித் தருகிறான்.

மூன்றாம் வகுப்பில் இதைச் சொல்லும் ஆசிரியர் புலியோடு நிறுத்தலாம். அடுத்து அம்பு எங்கே போகும்? குழந்தைகள் சொல்லும் விலங்குகளைக் கரும்பலகையில் எழுதினால் அது மொழிப்பாடம். பெரியதிலிருந்து சிறியதுக்கு அடுக்கினால் கணக்கு. ‘ஒரு அம்பு அத்தனைக்குள்ளும் போகுமா டீச்சர்?’ என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். அந்தக் கேள்வியை அடக்காத வகுப்பில் அறிவியல் தொடங்கிவிடுகிறது. அரசன் ஏன் தன் பெயரைச் சொல்லவில்லை என்பது இன்னும் பெரிய கேள்வி. பெரியவர்களுக்கும் அதற்கு ஒற்றை விடை இல்லை. ‘ஈகையே சிறந்தது’ என்று எழுதிப் போட்டால் இவ்வளவும் அந்த ஒரு வரியோடு முடிந்துபோகும்.

மாயம் குழந்தையைப் பொய்க்குப் பழக்கும் என்ற அச்சம் பழையது. 1928-இல் சோவியத் நாட்டில் லெனினின் மனைவியும் கல்வி நிர்வாகியுமான குரூப்ஸ்கயா, குழந்தைக் கவிஞர் கொர்னேய் சுகோவ்ஸ்கியின் ‘முதலை’ என்னும் கதைப்பாட்டை இதே வகை எண்ணத்தோடு கண்டித்தார். சுகோவ்ஸ்கியின் மறுமொழி குழந்தைகளின் பேச்சையே சான்றாகக் கொண்டது: தலைகீழான உலகத்தைக் கேட்டுச் சிரிக்கும் குழந்தைக்கு நேரான உலகம் எது என்று தெரிந்திருக்கிறது. இதில் அவர் பக்கமே நியாயம் என்று கருதுகிறேன். அம்பைச் சந்தேகித்த அந்தப் பிள்ளைக்கு மாயமும் தெரியும், மெய்யும் தெரியும்.

கதையின் மொழி இதைவிடச் சிக்கலானது. இந்தப் பகுதிக் குழந்தை வீட்டில் பேசுவது கொங்குத் தமிழ். பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி (2000) அந்தச் சொல்வளத்தைப் பதிவு செய்திருக்கிறது. சேலம் நெசவாளர் குடும்பங்களில் சௌராஷ்டிரமும் கன்னடமும் தெலுங்கும் வீட்டுமொழிகள். ‘ஊட்டுக்குப் பொடக்காளியில’ என்று சொல்லும் பிள்ளை புத்தகத்தில் ‘வீட்டின் பின்புறத்தில்’ என்று காண்கிறது. இந்த இடைவெளியைத் திருத்தம் சொல்லிக் கடக்க முயன்றால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். கதை அதற்கு ஒரு வழி தருகிறது. முதலில் ஊர்ப்பேச்சில் சொல்ல வேண்டும். பிள்ளைகள் ‘ம்’ கொட்ட வேண்டும். மறுநாள் அதே கதையைப் புத்தகத்தில் உள்ளபடி, ஒரு சொல்லும் மாற்றாமல், படம் தெரியப் பிடித்து வாசிக்க வேண்டும். கதை ஏற்கெனவே தெரிந்திருப்பதால் புதுச்சொல்லின் பொருளைக் குழந்தை தானே பிடித்துவிடும். எழுத்துத் தமிழ் தண்டனையாக அன்றி இரண்டாவது குரலாகக் காதில் விழுவது இப்படித்தான். உடுக்கை அடித்துக் கதை பாடும் உடுக்கடிப் பாட்டில் முதன்மைப் பாடகரின் வரியைத் துணைப்பாடகர் வாங்கித் திருப்பும் முறையைக் கண்டு வளர்ந்த ஊர்களுக்கு இது அந்நியமும் அல்ல.

உடுக்கடிப் பாட்டு என்றதும் அண்ணன்மார் கதை நினைவுக்கு வரும். 1965-இல் மானிடவியலாளர் பிரெண்டா பெக் கொங்குநாட்டில் அதனைப் பதிவு செய்தார். பின்னர் அது அசைவூட்டத் தொடராகவும் வந்தது. வளமான கதைதான். ஆனால் அது வேளாளர் வீரர்களை நாயகர்களாகவும் வேட்டுவரை எதிரிகளாகவும் நிறுத்துகிறது. எல்லாச் சாதிக் குழந்தைகளும் ஒரே பாயில் உட்காரும் வகுப்பில் அதை அப்படியே சொல்லக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வட்டாரக் கதை என்பதாலேயே ஒரு கதை வகுப்புக்கு ஏற்றதாகிவிடாது. எந்தப் பிள்ளை தலைகுனியும் என்று ஆசிரியர் முன்கூட்டியே யோசித்தாக வேண்டும்.

கதை சொல்வதோடு வேலை முடிவதில்லை. குஜராத்தின் கல்வியாளர் கிஜுபாய் பதேகா 1932-இல் எழுதிய ‘பகல் கனவு’ நூலில் வரும் பள்ளி ஆசிரியர் லட்சுமிராம், முதலில் அடங்காத வகுப்பைக் கதையால்தான் வசப்படுத்துகிறார். அடுத்து அவர் செய்வது வகுப்புக்கென நூலகம் அமைப்பது. கேட்ட கதையின் சுவை அவரது மாணவர்களைப் புத்தகத்தை நோக்கித் தள்ளுகிறது. கை நீட்டினால் எடுக்கும் உயரத்தில் புத்தகம் இருக்கவேண்டும். நம் பள்ளிகள் பலவற்றில் கதைப் புத்தகங்கள் இருப்புப் பதிவேட்டில் ஏறி, பீரோவில் பூட்டப்படுகின்றன. இதில் ஆசிரியரைக் குறை சொல்வது எளிது. ஆனால் கிழிந்த புத்தகத்துக்கு அவர்தான் கணக்குச் சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் தேய்ந்து கிழிந்த கதைப் புத்தகங்களைச் செலவில் எழுதித் தள்ள ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் எழுத்துமூலமான அனுமதி தருவதை, பயிற்சி முகாம்களுக்கு முன்பாகவே கல்வித்துறை செய்யலாம். அதற்குப் பெருஞ்செலவு ஏதும் இல்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.